அறிவியல் வகுப்பில் தொழில்நுட்பம்: பள்ளித் தலைமை தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் பாடத்துக்குத் தொழில்நுட்பம் கொண்டுவரும் முயற்சி தோற்றால், பழி பெரும்பாலும் ஆசிரியர்மேல் விழுகிறது. ஆனால் தவறு அதற்கு முன்பே, தலைமை ஆசிரியரும் துறைத் தலைவரும் உட்கார்ந்து பேசும் கூட்டத்திலேயே நடந்து முடிந்திருக்கும். "எத்தனை டேப்லெட் வாங்கலாம்?" என்று அந்தக் கூட்டம் தொடங்குவதுதான் முதல் தவறு.

எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், ஏன் தடுமாறுகிறார்கள் என்றுதான் தொடங்க வேண்டும். மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். மின்னோட்டம் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகிவிடுகிறது, மிச்சம்தான் இரண்டாவது பல்புக்குப் போகிறது என்று நிறைய மாணவர்கள் தவறாக, ஆனால் உறுதியாக நம்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டம் என்பதால் கம்பியும் பேட்டரியும் மட்டும் இந்த நம்பிக்கையை அசைப்பது கடினம். எலக்ட்ரான்கள் நகர்வதைத் திரையில் காட்டும் சிமுலேஷன் இங்கே உண்மையிலேயே உதவும். விதை முளைப்பதைப் பார்க்க அப்படி எதுவும் தேவையில்லை. விதையும் ஈரத்துணியும் போதும்.

கருவியைக் கொடுத்துவிட்டால் கற்றல் தானாக வந்துவிடாது என்பதற்குப் பெரு நாடு பெரிய சான்று. அங்கே குழந்தைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டத்தை 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் அறிக்கை வந்தது. கணினிகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியிருந்தது. கணிதத்திலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் உயரவில்லை. அறிவியலை அந்த ஆய்வு அளக்கவில்லை என்பது சரிதான். ஆனாலும் பாடத்தோடு இணையாத கருவி அறிவியலில் மட்டும் மாயம் செய்யும் என்று எதிர்பார்க்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

அடுத்த தவறு, சிமுலேஷன் வந்துவிட்டது என்று ஆய்வகத்தைப் பூட்டுவது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், சிமுலேஷனில் மின்சுற்று கற்றவர்கள் உண்மையான கருவிகளில் கற்றவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் நன்றாகச் செய்தார்கள். நிஜமான சுற்றை அமைத்து விளக்குவதிலும் பின்தங்கவில்லை. இதைப் படித்துவிட்டு "இனி ஆய்வகச் செலவு மிச்சம்" என்று முடிவெடுத்தால் அது பெரும் பிழை. ஊசலின் பத்து அலைவுகளை ஐந்து முறை அளந்தால் ஐந்து விடை வரும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, எதை நம்புவது என்று ஒரு குழு வாதாடும்போதுதான் அளவீடு என்றால் என்ன என்பது புரிகிறது. சொன்னபடி நடக்கும் திரையில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. கண்ணுக்குத் தெரியாததற்குச் சிமுலேஷன், கையால் அளக்கக்கூடியதற்கு ஆய்வகம், முடிந்த இடத்தில் இரண்டும்: இதுவே என் பரிந்துரை.

நகர்வை அளக்கும் சென்சார் வாங்கும் பள்ளிகள் வேறொரு இடத்தில் சறுக்குகின்றன. ஆசிரியர் முன்கூட்டியே தரவை எடுத்து, முடிந்த வரைபடத்தை ஸ்மார்ட் போர்டில் காட்டிவிடுகிறார். மாணவர் தானே நடக்கும்போது அவருடைய நகர்வு அதே கணத்தில் கோடாக விரிய வேண்டும். அங்கேதான் சென்சாரின் பலன் இருக்கிறது. 1987இல் வந்த ஓர் ஆய்வில், வரைபடம் அரை நிமிடத்துக்கும் குறைவாகத் தாமதித்தபோதே அந்தப் பலனில் பெரும்பகுதி போய்விட்டது.

இனி சமத்துவம். தலைமைகள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். நான்கு பேருக்கு ஒரு டேப்லெட் என்று கணக்குப் போட்டதும் நியாயமாகப் பகிர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். வகுப்புக்குள் போய்ப் பாருங்கள்: தைரியமான பிள்ளை கருவியைப் பிடித்திருக்கும், ஒன்று எழுதிக்கொண்டிருக்கும், மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். எழுதும் வேலை பெரும்பாலும் பெண் பிள்ளையிடம் போய்ச் சேரும். பொறுப்புகளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவதை வகுப்பின் வழக்கமாக்க வேண்டும். வகுப்பைப் பார்வையிடும் தலைமை முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது, யாருடைய கை கருவியில் இருக்கிறது என்பதை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. நன்றாகப் படிப்பவர்களுக்குச் சென்சாரும் திறந்த ஆய்வும். பின்தங்கியவர்களுக்குச் சரி, தவறு என்று டிக் அடிக்கும் பயிற்சிச் செயலி. ஒரே கருவி, ஒரே பள்ளி, ஆனால் ஒருவர் விஞ்ஞானியைப் போல யோசிக்கிறார், இன்னொருவர் பட்டன் அழுத்துகிறார். இந்தப் பிரிவினை நல்லெண்ணத்தோடுதான் செய்யப்படுகிறது. அதனாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை.

வீட்டுப்பாடத்திலும் கவனம் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே போன் பெற்றோருடன் இரவில்தான் திரும்பி வரும். அதிலும் தம்பி தங்கைக்குப் பங்கு உண்டு. ஃபெட்டின் புதிய சிமுலேஷன்களைத் தரவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். பள்ளியிலேயே அதற்கு நேரம் ஒதுக்கலாம். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தின் ஃபைஃபாக்ஸ் செயலி போனையே அளவீட்டுக் கருவியாக்குகிறது, இலவசம். ஆனால் சில சோதனைகளுக்குத் தேவைப்படும் காற்றழுத்தமானி எல்லாப் போனிலும் இருக்காது. ஆசிரியரின் போனில் வேலை செய்த சோதனை மாணவரின் மலிவான போனில் திறக்காமல் போகும்போது, அந்தப் பிள்ளை வகுப்பு முன்னால் கூனிக்குறுகுகிறது. ஆகவே எல்லாப் போனிலும் இருக்கும் மைக்கிலிருந்து தொடங்குங்கள்: இரண்டு போன், ஒலி கேட்டு ஓடும் ஸ்டாப்வாட்ச், கைதட்டல் போதும், ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம், விநாடிக்கு 340 மீட்டரை ஒட்டி வரும்.

சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பும் வரைபடங்கள் நிறக்குறைபாடு உள்ள மாணவரை வெளியே நிறுத்திவிடும். வாங்கும் முன்பே இதையும், திரையில் உள்ளதைப் பார்வையற்ற மாணவருக்கு வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வசதியையும், தாய்மொழி இருக்கிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள்.

அப்புறம், ஆசிரியர் பயிற்சி. கருவி விற்ற நிறுவனம் ஒரு நாள் வந்து எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிவிட்டுப் போவது பயிற்சி ஆகாது. பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, கருவி அறிவு மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும் என்று கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஷ்ராவும் மேத்யூ கோலரும் 2006லேயே எழுதினார்கள். ஒரே பாடத்தை இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்து, திருத்தி மறுபடி நடத்த நேர அட்டவணையில் இடம் வேண்டும். உடைந்தால் ஆசிரியர் பணம் கட்ட வேண்டும் என்ற பயம் இருக்கும்வரை கருவி பீரோவைவிட்டு வெளியே வராது. வகுப்பில் பயன்படுத்தும்போது உடைந்தால் பள்ளியே பொறுப்பு என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பலனை அளக்கும்போது எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்ற எண்ணிக்கையை ஒதுக்கிவைக்கலாம். "தொடராக இணைத்த ஒரே மாதிரியான இரண்டு பல்புகளில் முதல் பல்பு ஏன் இரண்டாவதைவிடப் பிரகாசமாக இல்லை?" போன்ற ஒரே கேள்வியைப் பாடத்துக்கு முன்னும் பின்னும் கேட்டு, மாணவர்கள் எழுதிய விளக்கங்களை ஒப்பிடுங்கள். வீட்டில் கருவி இல்லாதவர்களின் விடைகளைத் தனியாகவும் பாருங்கள். சராசரி உயர்ந்து அவர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால், அடுத்த பருவத் திட்டத்தை அவர்களிடமிருந்து தொடங்கி மாற்றி எழுத வேண்டும்.