திறந்த பக்கப் படிக்கட்டு: கல் ஒட்டுவதற்கு முன் கைப்பிடி

ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறப்பு என்று அமைந்த படிக்கட்டில் கோளாறெல்லாம் திறந்த பக்கத்தில்தான் வரும். கைப்பிடிக் கம்பம் எங்கே நிற்கும் என்று குறித்த பிறகே கிரானைட்டுக்கு அளவு கொடுங்கள்.

நம் வீடுகளில் படிகளைத் தாங்கும் சாய்வான பலகை (சரிவு) மட்டும் கான்கிரீட், அதன்மேல் படிகள் செங்கல் என்பது சாதாரணம். கம்பத்தைத் துளையில் இறுக்கி நிறுத்தும் ஆங்கர் போல்ட் செங்கல்லில் பிடிக்காது. சில மாதத்தில் கம்பி ஆடும். அங்கே சரிவு கான்கிரீட்டின் பக்கவாட்டில் தகடு வைத்து முடுக்குவதே சரி. படியும் கான்கிரீட் என்றால் மேலேயே நிறுத்தலாம், ஓரத்திலிருந்து 3 அங்குலமாவது உள்ளே தள்ளி. நெருக்கித் துளைத்தால் மூலை பிளக்கும். கல்லும் கலவையும் சேர்ந்து ஒன்றே முக்கால் அங்குலத்தைத் தின்றுவிடும். போல்ட் நீளம் அதற்கு மேல் பார்த்து வாங்குங்கள்.

பக்கப் பூச்சை முதலில் முடியுங்கள். 10 அங்குல மிதி (கால் வைக்கும் பரப்பு), 6½ அங்குல உயரம் என்றால், முக்கால் அங்குலக் கல்லில் மிதிக்கல் அகலம் 11¾: 10-உடன் முன்னால் நீட்டும் மூக்கு 1, மேல்படி ரைசருக்கு (செங்குத்தாக நிற்கும் கல்) அடியில் போக முக்கால். மிதிக்கல் கனம் முக்கால் போக ரைசர் உயரம் 5¾. திறந்த பக்கம் பூச்சைத் தாண்டி முக்கால் அங்குலம் நீட்டி, அந்த நீட்டலின் அடியில் 4 மி.மீ. காடி வெட்டச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் துடைக்கும் தண்ணீர் வழிந்து பக்கச்சுவர் பெயின்ட் கோடு கோடாகக் கறுக்கும். கல் கடையில் இதைச் சொல்லாமல் யாரும் செய்து தருவதில்லை.

கீழிருந்து மேலே: ரைசர், அதன்மேல் மிதி. 1:4 கலவையை (ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல்) முழுப் பரப்பிலும் ஒரு அங்குலம் பரப்பி, சிமெண்ட் பால் ஊற்றிக் கல்லை உட்காரவைக்க வேண்டும். உருண்டை உருண்டையாக வைத்தால் உள்ளே பொள்ளல் விழும். மூக்கில் கனமான பொருள் விழுந்தால் கல் அங்கேதான் உடையும். மறுநாள் தட்டிப் பாருங்கள், 'டொக்' என்றால் பெயர்த்து மறுபடி போடுங்கள். தரை டைல்ஸ் கனத்தைக் கழிக்காமல் ஆரம்பித்தால் முதல் படி குள்ளமாகி, இறங்கும்போது கால் இடறும்.

கைப்பிடி உயரம் மூக்கிலிருந்து செங்குத்தாக 3 அடி. நெடுக்குக் கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்குள் இருந்தால் குழந்தைத் தலை நுழையாது. படுக்கைக் கம்பி ஏணியாகிவிடும், குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். கம்பிக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம் கேளுங்கள், மட்டமான 202 ரகத்தைக் காந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. வெல்டிங்கின்போது கல்லை ஈரச் சாக்கால் மூடுங்கள். கறை போக்க ஆசிட் ஊற்றுவது கம்பி வந்த பிறகு கூடவே கூடாது, எஸ்.எஸ். துருப்பிடிக்கும்.