பாட்டு கேட்கிறது, பேச்சு போகவில்லை: ப்ளூடூத் ஹெட்செட் மைக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு ப்ளூடூத் ஹெட்செட்டோடு வருகிறவர்களில் பலர் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "அண்ணா, பாட்டு நல்லாக் கேக்குது, பேசினா மட்டும் எதிர்ல இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம்." சொல்லி முடித்த கையோடு, மைக் போய்விட்டதா, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்றும் கேட்டுவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கினால், கோளாறு போனில் இருக்கிறதா, ஹெட்செட்டில் இருக்கிறதா, இரண்டிலும் இல்லாமல் டவரில் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். அது தெரியாமல் செட்டிங்ஸில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதால், சரியாக இருந்ததும் கெட்டுப்போய்க் கடைக்கு வந்த போன்கள் உண்டு.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஹெட்செட் போனோடு ஒரே இணைப்பில் இருப்பதுபோலத் தோன்றினாலும், ஒலிக்கு உள்ளே இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. பாட்டும் வீடியோவின் ஒலியும் ஏ2டிபி என்னும் வழியில் செல்கின்றன. அது ஒருவழிப் பாதை; போனிலிருந்து காதுக்கு ஸ்டீரியோ ஒலி வருமே தவிர, காதிலிருந்து போனுக்குக் குரல் திரும்பிப் போகாது. அழைப்பு செல்வது எச்எஃப்பி என்னும் வேறொரு வழியில். அங்கே குரல் இரு பக்கமும் போய்வர வேண்டியிருப்பதால் ஒலி மோனோவாகச் சுருங்கி, பழைய முறையில் நொடிக்கு 8,000 மாதிரிகளாகவும், எம்எஸ்பிசி என்னும் பிந்தைய முறையில் 16,000 மாதிரிகளாகவும் எடுக்கப்படுகிறது. பாட்டுக்கு வழக்கமாக எடுக்கப்படுவது 44,100; மாதிரி குறையக் குறைய ஒலியின் தெளிவும் குறையும். ஆகவே பாட்டு நன்றாகக் கேட்பது, அழைப்பு வழி சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது விளையாட்டுச் செயலியோ வகுப்புச் செயலியோ மைக்கைத் திறந்ததும், ஒலி திடீரென்று பழைய வால்வு ரேடியோவில் கேட்பதுபோல் மாறுவதும் கோளாறு அன்று. பாட்டு வழி மூடி, அழைப்பு வழி திறந்திருக்கிறது, அவ்வளவே.

மூன்று சோதனைகள்

முதல் சோதனைக்கு ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்து அதே நபரோடு அதே இடத்திலிருந்து பேச வேண்டும். அப்போதும் குரல் விட்டுவிட்டுக் கேட்டால் ஹெட்செட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தச் சோதனையை நான் கட்டாயம் சொல்வேன். சிக்னல் குறைந்து அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஹெட்செட்டாக இருந்தாலும் குரல் மங்கித்தான் போகும்.

இரண்டாவதாக, அதே ஹெட்செட்டை வீட்டிலுள்ள வேறொரு போனோடு இணைத்து ஒரு அழைப்பு செய்ய வேண்டும். மூன்றாவதாக, யாரிடமாவது வேறொரு ஹெட்செட்டை இரவல் வாங்கித் தம் போனோடு இணைத்துப் பேசிப் பார்க்க வேண்டும். வேறு போனிலும் குரல் போகவில்லையென்றால் கோளாறு ஹெட்செட்டில். வேறு போனில் நன்றாகப் போய், இரவல் ஹெட்செட் தம் போனில் திணறினால் கோளாறு போனில். இரண்டும் தனித்தனியே நன்றாக வேலை செய்து, சேரும்போது மட்டும் தகராறு என்றால் அவற்றுக்கிடையே உள்ள பழைய இணைப்புப் பதிவு கெட்டிருக்கலாம். அதை அழித்துவிட்டு மறுபடி இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்தச் சோதனைகளை உண்மையான அழைப்பில்தான் செய்ய வேண்டும். குரல் பதிவுச் செயலியில் பேசிப் பதிந்து, அதைக் கேட்டு முடிவு செய்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஹெட்செட் இணைந்திருந்தாலும் அந்தச் செயலி போனின் மைக்கையே எடுத்துக்கொள்ளும். மேசைமேல் கிடக்கும் போன் குரலை நன்றாகப் பதிந்துகொள்ள, ஹெட்செட் மைக் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

கோளாறு போனில் இருந்தால்

அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே திரையைப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் படம் இருக்கும் இடத்தைத் தொட்டால், போன், ஸ்பீக்கர், ப்ளூடூத் என்று ஒரு பட்டியல் விரியும். அதில் ஹெட்செட்டின் பெயர் தேர்வாகியிருக்க வேண்டும். போனில் விரலால் தொட்டு அழைப்பை எடுத்தால் ஒலி போனுக்கே போய்விடுவதும், ஹெட்செட் பொத்தானை அழுத்தி எடுத்தால் ஹெட்செட்டுக்கு வருவதும் உண்டு. ஐபோனில் இது செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதனுள் டச், அதனுள் கால் ஆடியோ ரூட்டிங் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே ஸ்பீக்கர் என்று இருந்தால் ஆட்டோமேட்டிக் என்று மாற்றினால் போதும்.

ஆண்ட்ராய்டில் அடுத்துப் பார்க்க வேண்டியது, நான் மேலே சொன்ன இரண்டு வழிகளின் கதவு. செட்டிங்ஸில் கனெக்டட் டிவைசஸ் பகுதிக்குப் போய், ஹெட்செட் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரப் படத்தைத் தொட்டால், போன் கால்ஸ், மீடியா ஆடியோ என இரண்டு பொத்தான்கள் தெரியும். சில நிறுவனங்களின் போன்களில் கால்ஸ் என்று மட்டும் இருக்கும். அந்தப் பொத்தான் அணைந்திருந்தால் பாட்டு அருமையாகக் கேட்கும், அழைப்பு ஹெட்செட்டுக்கு வராது. யார் அணைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் வீட்டிலுள்ள குழந்தைகள்தான்.

சாதாரண அழைப்பில் குரல் போய், ஒரு குறிப்பிட்ட செயலியில் மட்டும் போகவில்லையென்றால் அந்தச் செயலிக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் இதில் இரண்டு சங்கதிகள் கூடியிருக்கின்றன. ஒன்று, மேலிருந்து இழுக்கும் திரையில் மைக் ஆக்சஸ் என்ற பொத்தான். அது தெரியாமல் அணைந்துவிட்டால் செயலிகள் எதற்கும் மைக் கிடைக்காது. மற்றொன்று, நியர்பை டிவைசஸ் என்ற அனுமதி; வீடியோ சந்திப்புச் செயலிகள் சில இந்த அனுமதி இல்லாமல் ஹெட்செட்டைக் கண்டுகொள்வதில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பேச்சு போகாவிட்டால் இணைப்பை அழித்துப் புதிதாகச் செய்ய வேண்டும். போனில் ஃபர்கெட் என்பதைத் தொட்டு ஹெட்செட்டை மறக்கச் செய்வது பாதி வேலைதான். ஹெட்செட்டும் தன் நினைவில் போனை வைத்திருக்கிறது. அதையும் ரீசெட் செய்ய வேண்டும். எந்தப் பொத்தானை எத்தனை நொடி அழுத்த வேண்டும் என்பது ஒவ்வொரு மாடலுக்கும் மாறும் என்பதால் பெட்டியோடு வந்த தாளைப் பார்க்க வேண்டும். அந்தத் தாளைத் தூக்கி எறியாதவர்கள் பாக்கியசாலிகள். பிறகு இரண்டையும் அணைத்துப் போட்டுப் புதிதாக இணைக்கும்போது, தொடர்பு எண்களைக் காட்டலாமா என்று போன் கேட்கும். அது பெயரைச் சொல்லிக் கூப்பிட உதவும் வசதி மட்டுமே. மறுத்தாலும் குரலுக்குப் பாதிப்பு இல்லை. கடைசி வழியாக, சிஸ்டம் பகுதியில் ரீசெட் ஆப்ஷன்ஸ் சென்று ப்ளூடூத், வைஃபை அமைப்புகளை அழிக்கலாம். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அனைத்தும் அதோடு போய்விடும் என்பதை அறிந்து செய்ய வேண்டும்.

ஹெட்செட்டை வேறொரு கருவி பிடித்துக்கொண்டிருந்தால்

கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் ஹெட்செட் ஒன்று எங்களிடம் வாரம் ஒன்றாக மூன்று முறை வந்தது. கடையில் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வேலை செய்தது. வீட்டுக்குப் போனால் அழைப்பு நடுவில் குரல் அறுந்தது. விசாரித்தபோது, வீட்டில் மகள் வகுப்புக்குப் பயன்படுத்தும் லேப்டாப்பிலும் அது ஒருமுறை இணைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. மல்டிபாயிண்ட் வசதி உள்ள ஹெட்செட் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு சேர்ந்திருக்கும். அங்கே லேப்டாப்பில் ஏதாவது ஒலித்தால் இங்கே ஒலி தடுமாறும். லேப்டாப்பிலிருந்து அந்தப் பெயரை அழித்தோம், தீர்ந்தது. வீட்டில் மட்டும் வரும் கோளாறு என்றால் டிவி, லேப்டாப், பழைய போன் என அந்த ஹெட்செட் எங்கெங்கே உறவு வைத்திருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

மைக் துளை

கோளாறு ஹெட்செட்டில்தான் என்று தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது மைக் துளையை. காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாவு மில் நடத்தும் ஒருவர் தம் நெக்பேண்டைக் கொண்டுவந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறதென்று எதிரில் உள்ளவர்கள் சொல்வதாகச் சொன்னார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கடுகைவிடச் சிறிய அந்தத் துளையின் வாயில், ராகி மாவும் வியர்வையும் சேர்ந்து, களி கிளறிய சட்டியின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பொறுக்கைப் போலப் பழுப்பாக இறுகிப்போயிருந்தது. துளை கீழே பார்க்கும்படி நெக்பேண்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் பக்கவாட்டில் மெல்லத் தேய்த்தேன். உதிர்ந்தது கீழே விழ வேண்டும், உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே கவிழ்ப்பது. மீதியை செலோடேப் துண்டால் அழுத்தி எடுத்தேன். பத்து நிமிடத்தில் குரல் திரும்பியது, காசு வாங்கவில்லை.

இதை வீட்டிலேயே செய்யலாம், ஆனால் ஊசி, குண்டூசி, சிம் பின் எதையும் அந்தத் துளைக்குள் விடக் கூடாது. துளைக்குப் பின்னால் மெல்லிய வலையும், அதற்குப் பின்னால் மைக்கின் சவ்வும் இருக்கின்றன. ஒரு குத்தில் கதை முடிந்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். பஞ்சர் கடைக் காற்றுக் குழாயை வைத்து அடித்துக்கொண்டு வந்தவரும் உண்டு. அந்த அழுத்தத்தைச் சவ்வு தாங்காது. ஐசோபுரோபில் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பது சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளுக்குச் சரி, மைக் துளைக்கு வேண்டாம்.

இரண்டு காதுக்கும் தனித்தனியாக வரும் இயர்பட்ஸில் ஒரு எளிய சோதனை கூடுதலாக உண்டு. ஒன்றைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு மற்றொன்றால் மட்டும் பேச வேண்டும். பிறகு மாற்றிச் செய்ய வேண்டும். பல மாடல்களில் இரண்டில் ஒன்றின் மைக்தான் அழைப்புக்குப் பயன்படும் என்பதால், ஒரு பக்கத் துளை அடைத்திருந்தாலே மொத்தமும் கெட்டதுபோல் தோன்றும். நல்ல பக்கம் எது என்று தெரிந்துவிட்டால் அவசரத்துக்கு அதைக்கொண்டு பேசிக்கொள்ளலாம்.

விட்டுவிட்டுக் கேட்பதும் காற்றிரைச்சலும்

குரல் மங்காமல் துண்டு துண்டாக அறுந்து வந்தால் அது அலைவரிசை நெருக்கடியாக இருக்கலாம். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 79 தடங்களுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே வேலை செய்கிறது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. ரவுட்டரிலிருந்து தள்ளி நின்று பேசினால் சரியாகிறது என்றால், ரவுட்டரையும் போனையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுவது நல்லது. நம் உடம்பில் உள்ள நீரும் இந்த அலையை உறிஞ்சிக்கொள்கிறது. போன் பேன்ட்டின் இடது பின்பாக்கெட்டில், இயர்பட் வலது காதில் என்று இருந்தால் அலை உடம்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். போனைச் சட்டைப் பையில் வைத்துப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

ஓசூர் நெடுஞ்சாலையில் வண்டியில் போகும்போது குரல் போகவில்லை என்று சொல்கிறவர்களுக்கு, அது மைக் துளையில் அடிக்கும் காற்று, அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள் என்பதே என் பதில். மாம்பழக்கூழ் ஆலைகளில் வேலை செய்கிறவர்களின் நிலை வேறு. இயந்திர இரைச்சலை அடக்கும் வசதி, மெதுவாகப் பேசினால் பேச்சையும் சேர்த்து அடக்கிவிடுவது உண்டு. அதை அணைக்க வழி இருந்தால் அணைத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் மைக் வாய்க்கருகே நீண்டிருக்கும் ஹெட்செட்தான் அவர்களுக்குப் பொருந்தும்.

எதிரில் இருப்பவரின் குரல் மெல்லக் கேட்கிறது என்பது வேறு சிக்கல். அழைப்பின் ஒலியளவும் பாட்டின் ஒலியளவும் தனித்தனி என்பதால், அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்திக் கூட்ட வேண்டும். மழையில் நனைந்துவிட்டால், துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும். ஐபிஎக்ஸ்4 என்ற குறியீடு தெறிக்கும் நீருக்கு மட்டுமே உத்தரவாதம்.

இத்தனையும் செய்து தீராவிட்டால் மைக்கையே மாற்ற வேண்டியிருக்கும். நெக்பேண்டில் அது பெரும்பாலும் முடியும்; பிரித்து, சால்டர் செய்து மூடலாம். இயர்பட்ஸ் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், பிரிக்கும் கூலியும் பிரித்த பின் ஒட்டாமல் போகும் அபாயமும் சேர்ந்து, விலை குறைந்த மாடல்களுக்குக் கட்டுப்படியாகாது. அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். வாரண்டி இருந்தால் யாரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள், பிரித்ததை நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பில்லோடு அந்த நிறுவனத்தின் சேவை மையத்துக்கே கொண்டுபோங்கள். வாரண்டி முடிந்து எங்களைப் போன்ற கடைக்கு வருவதாக இருந்தால், ஹெட்செட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வராமல் போனையும் சார்ஜ் பெட்டியையும் சேர்த்துக் கொண்டுவந்து, மேலே சொன்ன மூன்று சோதனைகளில் எதில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.