ஃபிரெட் இல்லாத விரல்பலகையில் சுருதி பிடிப்பது: பேஸ் கிட்டாரிலிருந்து டபுள் பேஸுக்கு

பேஸ் கிட்டார் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர் முதன்முறையாக டபுள் பேஸை (வயலின் குடும்பத்தைப் போன்ற வடிவில், நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய வாத்தியம்) எடுக்கும்போது, அவருக்குத் தெரிந்த பலவும் அப்படியே உதவுகின்றன. ஈ, ஏ, டி, ஜி என்ற நான்கு தந்திகளும் அதே வரிசையில், அதே சுருதியில்தான் இருக்கின்றன. இல்லாமற்போவது ஃபிரெட், அதாவது விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், மட்டுமே. 1951இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் தொட்டு, விரல் சற்று முன்பின் விழுந்தாலும் சுரத்தைச் சரியாக நிறுத்தும் வேலையை ஃபிரெட்டே செய்துவந்தது. டபுள் பேஸில் அது காதின் பொறுப்பாகிறது. காதைப் பழக்குவதற்கு, விரல்பலகையில் ஒட்டும் பட்டைகளையும் டியூனரின் முள்ளையும் நம்புவதைவிட, வாத்தியத்தின் மற்றத் தந்திகளையே சாட்சியாக வைத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து. கீழுள்ள படிகள் அந்த எண்ணத்தில் எழுதப்பட்டவை.

படி 1: சுருதி சேர்த்தல்

ஏ தந்தியை மட்டும் டியூனரைக் கொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஈ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், அவ்வளவு தாழ்ந்த ஒலிகளை நேரடியாக ஒப்பிடுவது புதியவர்களுக்குக் கடினம். ஆகவே ஹார்மோனிக்குகளை, அதாவது தந்தியை அழுத்தாமல் தொடும்போது எழும் உயர்ந்த ஒலிகளை, பயன்படுத்துங்கள். ஈ தந்தியில் நட்டிலிருந்து (விரல்பலகையின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் சிறு கட்டை) கால் பங்கு தூரத்திலும், ஏ தந்தியில் மூன்றில் ஒரு பங்கு தூரத்திலும் விரலை அழுத்தாமல் தொட்டு வாசித்தால், இரண்டிலும் ஒரே ஈ கேட்க வேண்டும். சுருதி விலகியிருந்தால் ஒலி ஏறி இறங்கும் விம்மல் கேட்கும். முடுக்காணியைத் திருப்பத் திருப்ப அது மெதுவாகி, சேர்ந்தவுடன் நின்றுவிடும். மற்ற இரண்டு தந்திகளுக்கும் இதே முறைதான்: தாழ்ந்த தந்தியில் கால் பங்கு, உயர்ந்த தந்தியில் மூன்றில் ஒரு பங்கு.

படி 2: நிற்கும் முறை

நட் உங்கள் நெற்றி மட்டத்துக்கு அருகே வரும்படி அடியிலுள்ள எண்ட்பின்னின் உயரத்தை அமையுங்கள். இடக்கையை எடுத்துவிட்டாலும் வாத்தியம் உடலில் சாய்ந்து நிற்க வேண்டும். கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும் கையால் இடம் பார்த்து விரல் வைக்க இயலாது.

படி 3: இடக்கை விரல்கள்

பேஸ் கிட்டாரின் தந்தி நீளம் வழக்கமாக 86 சென்டிமீட்டர். பரவலாகப் புழங்கும் முக்கால் அளவு டபுள் பேஸிலோ ஏறத்தாழ 105 சென்டிமீட்டர். நட்டிலிருந்து முதல் அரைச்சுரமே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பதால், விரலுக்கு ஒரு ஃபிரெட் என்ற பழக்கம் இங்கே செல்லாது. வியன்னாவில் கற்பித்த ஃபிரான்ஸ் சிமாண்டல் (1840–1912) நிலைப்படுத்திய முறையில், சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றும் அரைச்சுர இடைவெளியில் அமர, மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக அழுத்துகிறது. விரல் எண்கள் 1, 2, 4 என்று எழுதப்படுவது இதனால்தான். ஒரு கைப்பிடிக்குள் ஒரு முழுச்சுரம் மட்டுமே அடங்குவதால், வயலினும் செல்லோவும் ஐந்தாம் சுர இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட, டபுள் பேஸ் நான்காம் சுர இடைவெளியில் சேர்க்கப்படுகிறது. இல்லையென்றால் எளிய ஸ்கேலுக்கும் கை ஓயாமல் இடம் மாற வேண்டியிருக்கும்.

படி 4: வாத்தியமே உறுதிசெய்யும் மூன்று சுரங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். டி தந்தியில் நட்டிலிருந்து சுமார் பதினொன்றரை சென்டிமீட்டரில் முதல் விரலை வைத்து, வில்லால் நீளமாக வாசியுங்கள். அங்கே கிடைக்கும் ஈ, வெறும் ஈ தந்திக்கு ஒரு ஸ்தாயி மேலானது. விரல் சரியான இடத்தில் இருந்தால், யாரும் தொடாத அந்த ஈ தந்தி ஒத்ததிர்வால் தானே அதிரும். வில்லை எடுத்துவிட்டு டி தந்தியை உள்ளங்கையால் அடக்கினாலும் ஒலி தொடர்ந்து கேட்கும். விரலைச் சற்றே நகர்த்தினால் அந்த நிறைவு மறைந்து ஒலி மந்தமாகிவிடும். இந்த வேறுபாட்டைக் காது நன்கு அறியும்வரை விரலை மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள். ஜி தந்தியில் அதே தூரத்திலுள்ள ஏ, வெறும் ஏ தந்தியை அதிரவைக்கும். ஈ தந்தியில் இரண்டாம் விரலில் வரும் ஜி, வெறும் ஜி தந்தியை எழுப்பும்.

விரலால் மீட்டும் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் பிழை காதில் விழாமல் போகலாம். ஜாஸ் மட்டுமே வாசிக்க விரும்புபவரும் இந்தப் பயிற்சிக்கு வில்லை எடுப்பதே நல்லது. வில்லில் இரண்டு வகை உண்டு, பிடிக்கும் முறையும் வேறு; பிரெஞ்சு வில்லா, ஜெர்மன் வில்லா என்பதை உங்கள் ஆசிரியர் கையாளும் முறைக்கே விட்டுவிடுங்கள்.

படி 5: ஜி மேஜர் ஸ்கேல்

ஈ தந்தியின் ஜியில் தொடங்கி, வெறும் ஏ, ஏ தந்தியில் பி (1), சி (2), வெறும் டி, டி தந்தியில் ஈ (1), எஃப் ஷார்ப் (4), வெறும் ஜி என்று முடியுங்கள். எட்டில் மூன்று வெறும் தந்திகள். ஜி, ஈ இரண்டையும் ஒத்ததிர்வு காட்டிக்கொடுக்கும். காது தனியாக உழைக்க வேண்டியவை பி, சி, எஃப் ஷார்ப் மட்டுமே. அதற்குத் தம்புரா செயலியை ஐந்து கட்டையில், அதாவது ஜியில், ஒலிக்கவிட்டு வாசியுங்கள். தம்புராவோடு இழையும் பி, டியூனர் சரி என்று காட்டும் பியைவிடச் சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) தாழ்ந்திருக்கும். தனியாகப் பழகும்போது தம்புராவைப் பின்பற்றுங்கள். பியானோ உடன் வாசிக்கும்போது பியானோவுக்கே இணங்க வேண்டும்.

படி 6: இடம் மாறுதல்

ஏ தந்தியில் முதல் விரலைப் பியிலிருந்து சிக்கு நகர்த்தினால், நான்காம் விரல் டியில் அமரும். கட்டைவிரல் பின்தங்காமல் கையோடு சேர்ந்தே செல்ல வேண்டும். அந்த டியையும் வெறும் டி தந்தியையும் ஒரே வில்லில் சேர்த்து இழுத்து, விம்மல் நிற்கிறதா என்று கேளுங்கள்.

ஃபிரெட் இல்லாத பேஸ் கிட்டாருக்கும் இதே பயிற்சிகள் பொருந்தும். அங்கே பழக்கம் செய்யும் பிழை ஒன்று உண்டு: ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்திப் பழகிய விரல், ஃபிரெட் இருந்திருக்கக்கூடிய கோட்டின் மீதே விழ வேண்டிய இடத்திலும் பின்தங்கிச் சுருதியைத் தாழ்த்திவிடும். பேஸ் கிட்டார் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் விரல்பலகைக்கு எபாக்ஸி பிசின் பூசியது, ரவுண்ட்வுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய, சொரசொரப்பான) தந்திகள் மரத்தை அரிக்காமல் இருக்கத்தான். பூச்சில்லாத பலகை உங்களுடையது என்றால், ஃபிளாட்வுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய, வழவழப்பான) தந்திகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.