ஸ்ட்ரோபெரியை முதல் தடவை திறக்கும்போது அவசரப்படக் கூடாத இடங்கள்

திருகோணமலையில் பல வீட்டுக் கொம்பியூட்டர்களில் இருக்கும் பாட்டுகள் கடையில் வாங்கியவை அல்ல. கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரம், கசெட்டிலிருந்து மாற்றிய தேவாரம், கிண்ணியா நண்பர் பென் டிரைவில் தந்த இஸ்லாமிய கீதங்கள். தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. ஸ்ட்ரோபெரி என்பது கொம்பியூட்டரில் பாட்டுகளைத் தொகுத்துக் கேட்கும் திறமூல மென்பொருள். அதை எத்தனை தடவையும் அழித்து மறுபடி போடலாம். அதனால் முதல் நாளில் பைல்களைக் காப்பதுதான் முக்கியம், மற்ற அமைப்புகளைப் பிறகு பார்க்கலாம்.

பாட்டு எங்கே இருக்கிறது என்று மென்பொருள் கேட்கும்போது முழு ஹார்ட் டிஸ்க்கையும் காட்டிவிடுகிறோம். வாட்ஸ்அப் குரல் செய்தி, ரிங்டோன் எல்லாம் தொகுப்புக்குள் வந்து குவிந்துவிடும். பாட்டுக்கென்று ஒரு போல்டர் வைத்து அதை மட்டும் காட்டுங்கள். வெளி டிஸ்க்கில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. வின்டோஸ் அதற்கு இன்று 'ஈ' என்று எழுத்துக் கொடுக்கும், நாளைக்கு 'எஃப்' ஆக்கிவிடும். பாட்டுகள் பத்திரமாகவே இருக்கும், ஆனால் மென்பொருள் பழைய இடத்தில் தேடிவிட்டுக் காணவில்லை என்று சொல்லும். உடனே பதறி எல்லாவற்றையும் மறுபடி சேர்க்காதீர்கள். வின்டோஸிலுள்ள டிஸ்க் மேனேஜ்மென்டில் நிரந்தரமாக ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டால் சரி.

என்னைக் கேட்டால், மிக ஆபத்தானது பைல்களை ஒழுங்குபடுத்தும் வசதிதான். பாடகர், ஆல்பம் பெயர்களை வைத்து அது பைல்களின் பெயரையும் இடத்தையும் மாற்றும். திரைப்பாட்டுக்கு நல்லது. நம் வீட்டுப் பதிவுகளில் அந்த விவரங்கள் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். எந்தக் கோயில், எந்த ஆண்டு என்பதை போல்டர் பெயரில்தான் எழுதி வைத்திருப்போம். ஒரு சொடுக்கில் அந்தத் தகவல் கலைந்து போகும். வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுக்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், பாட்டுப் பெயர்கள் அலங்கோலமாகத் தெரிந்தால் மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள், எழுத்துருவையும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றினால்தான் தீரும். பாதியில் அறுந்த பெயர்களுக்குக் காரணம் வேறு. எம்பி3 பைலில் விவரம் எழுதும் பழைய முறையான ஐடி3வி1, தலைப்புக்கு 30 பைட் மட்டுமே ஒதுக்கியது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும்; 'தி' என்பது 'த'வும் விசிறியுமாக இரண்டு குறி. 'திருகோணமலை' என்ற பெயர் மட்டுமே அந்த 30 பைட்டையும் நிரப்பிவிடும். ஆகவே விவரங்களைத் திருத்தும்போது இந்த 30 பைட் வரம்பு இல்லாத ஐடி3வி2 முறையில் சேமியுங்கள்.

ஒரு பாட்டு மெதுவாகவும் அடுத்தது காதைப் பிளப்பதாகவும் இருந்தால் ஈக்குவலைசரை இழுத்துப் பயனில்லை. அதற்குப் பாட்டுகளின் சத்தத்தை ஒரே அளவாக்கும் ரீப்ளேகெயின் வசதி இருக்கிறது. ஆனால் அமைப்பில் அதை இயக்கினால் மட்டும் போதாது. பைல்களை ஒருமுறை அளந்து அந்த அளவை உள்ளே எழுதியிருக்க வேண்டும்.

லினக்ஸில் ஒலி வெளியீட்டைத் தானியங்கியிலேயே விடுங்கள். லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான அல்சா வழியாக ஒலி அட்டையை நேரடியாகப் பிடித்தால், பாட்டு ஓடும்போது பிரவுசரில் சத்தம் வராமல் போகலாம்.