100 நானோசெகண்ட் தாவல்: நாலு நாளைத் தின்ற கேபிள்

இரண்டு எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) போர்டுகள், ஒன்று அனுப்பும், மற்றது கேட்கும். ஒரே ஓஎஃப்டிஎம் (டேட்டாவைப் பல அலைவரிசைகளில் பிரித்து அனுப்பும் முறை) சிக்னலில் டேட்டாவும் போக வேண்டும், எதிரொலியை வைத்துப் பொருளின் தூரமும் தெரிய வேண்டும். டேட்டா ஒரு பிழையில்லாமல் போனது. எதிரொலி வந்த பாதையின் தூரம் மட்டும், போர்டை ரீஸ்டார்ட் செய்தால் சில தடவை 30 மீட்டர் தள்ளிக் காட்டியது.

முதலில் ஆன்டெனாவை நகர்த்திப் பார்த்தேன். அப்புறம் டிரைவரை மறுபடி நிறுவினேன், போர்டுகளுக்கு நேரம் கொடுக்கும் ஜிபிஎஸ் கடிகாரத்தையே மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

கவனித்திருக்க வேண்டியது வேறு: பொருளின் எதிரொலி மட்டுமல்ல, நேர்வழியில் வரும் சிக்னலும் சேர்ந்தே தாவியது, அதுவும் எப்போதும் அதே அளவு. ரேடியோ அலைக்கு 30 மீட்டர் என்றால் 100 நானோசெகண்ட், அதாவது போர்டுகளுக்கான 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின் சரியாக ஒரு சுற்று. டேட்டா பக்கம் இது தெரியாமல் போனதற்குக் காரணம் சைக்ளிக் பிரிஃபிக்ஸ் (சிக்னலின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒட்டும், அதன் வால்பகுதியின் நகல்), இவ்வளவு சின்ன தாமதத்தை அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

ஆசிலோஸ்கோப்பில் கேட்கும் போர்டின் முனையில் பார்த்தால், பிபிஎஸ் துடிப்பும் (நொடிக்கு ஒரு முறை வரும் நேரக் குறி) கிளாக்கும் ஒரே நேரத்தில் மேலேறுகின்றன. கிளாக் ஏறும்போதுதான் போர்டு பிபிஎஸ்ஸைப் படிக்கும். இரண்டும் ஒட்டி வந்தால் இந்தச் சுற்றா அடுத்ததா என்பது அதிர்ஷ்டம்தான்.

பிபிஎஸ் கேபிளை மட்டும் 5 மீட்டர் கூட்டினேன். கோஆக்ஸில் மீட்டருக்குச் சுமார் 5 நானோசெகண்ட், ஆக பிபிஎஸ் 25 நானோசெகண்ட், கால் சுற்று, தள்ளி வரும். நாற்பது தடவை ரீஸ்டார்ட் செய்தேன், ஒரு தாவல்கூட இல்லை. அப்பாடா. இப்போது அந்தக் கேபிளில் 'வெட்டாதே' என்று டேப் ஒட்டியிருக்கிறேன்.