கொடைக்கானலிலிருந்து வந்தே பாரத்தில் சென்னைக்கு: மலைப்பாதையில் ஆரம்பியுங்கள்

கொடைக்கானலிலிருந்து சென்னைக்கு வந்தே பாரத்தில் போக நினைக்கிறவர்கள் முதலில் ஐஆர்சிடிசியைத் திறந்து ரயில் நேரத்தைப் பார்க்கிறார்கள். நான் சொல்வது, முதலில் மலைப்பாதையைக் கணக்குப் போடுங்கள், ரயிலைத் திண்டுக்கல்லில்தான் பிடிக்க வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து எழும்பூர் சுமார் 430 கிலோமீட்டர், ரயில் ஐந்தேகால் மணி நேரத்தில் ஓடிவிடும். கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் 95 கிலோமீட்டர்தான், ஆனால் பஸ்ஸில் மூன்றரை மணி நேரம் ஆகிவிடும், அதுவும் பாதை சும்மா இருக்கிற நாளில். டம்டம் பாறைக்கு மேலே ஒரு மரம் விழுந்தால் போதும், கணக்கெல்லாம் போச்சு.

இன்னொன்று, தேடும்போது கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனைப் போடாதீர்கள். பாண்டியன், வைகை எக்ஸ்பிரஸ் எல்லாம் அங்கே நிற்கும், வந்தே பாரத் நிற்காது. திண்டுக்கல் என்று போட்டுத் தேடுங்கள்.

திண்டுக்கல் வழியாகச் சென்னைக்கு இரண்டு வந்தே பாரத் போகின்றன. திருநெல்வேலியிலிருந்து வருகிற 20666 காலை எட்டே முக்கால் வாக்கில் திண்டுக்கல்லுக்கு வரும். நாகர்கோவிலிலிருந்து வருகிற 20628 மாலை ஆறுக்குச் சற்று முன்னால் வரும். மலையில் இருக்கிறவர்களுக்கு மாலை ரயில்தான் சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலை ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் விடியற்காலை நாலு மணிக்கே வண்டி எடுக்க வேண்டும், பனிமூட்டத்தில் எதிரே ஒன்றும் தெரியாது, வளைவில் காட்டெருமை நின்றாலும் கிட்டே போன பிறகுதான் தெரியும். அந்த ரயில்தான் வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலமே இறங்கி திண்டுக்கல்லில் தங்கிவிடுங்கள். பெங்களூருக்கு மதுரையிலிருந்து போகிற வந்தே பாரத்துக்கும் இதேதான், அது விடிகிற நேரத்திலேயே திண்டுக்கல்லைத் தாண்டிவிடும். மூன்றுமே வாரத்தில் ஒரு நாள் ஓடாது, அதனால் தேதியை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள். நேரமும் அவ்வப்போது ஐந்து பத்து நிமிடம் மாறும், டிக்கெட்டில் இருக்கிறதைத்தான் நம்ப வேண்டும்.

மாலை ரயிலுக்கு எப்போது கிளம்புவது? சாதாரண நாளில் பதினொன்றரைக்குள் பஸ் ஏறிவிடுங்கள். திண்டுக்கல்லுக்கு நேர் பஸ் இல்லாவிட்டால் வத்தலக்குண்டில் இறங்கி மாறிக்கொள்ளலாம், அங்கிருந்து வண்டிக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல், மே சீசன் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால். ஞாயிற்றுக்கிழமை ரொம்பக் கவனம், ஏனென்றால் வார இறுதிக்கு வந்த சுற்றுலா வண்டிகள் எல்லாம் மதியத்துக்கு மேல் மொத்தமாக இறங்கும், நீங்களும் அதே நேரத்தில் இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். முடிந்தால் ஞாயிறு மாலை ரயிலைத் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளம்புவதற்கு முன் பெருமாள்மலைப் பக்கம் யாரிடமாவது போன் போட்டுப் பாதை எப்படி என்று கேட்டுக்கொள்வது நல்லது. அப்படியும் ரயில் போய்விட்டால் பதற வேண்டாம், அன்று இரவு பாண்டியன் இருக்கிறது, அதில் இடம் இருக்கிறதா என்று வழியிலேயே பாருங்கள்.

சரி, இப்போது டிக்கெட். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. பொங்கல், தீபாவளி என்றால் அந்த 60-வது நாள் எது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இப்போதே சரிபார்த்து வைத்துவிடுங்கள், 2025 ஜூலையிலிருந்து ஆன்லைனில் தட்கல் போட அது கட்டாயம். முன்பதிவு திறக்கிற நேரத்திலும் ஆன்லைனில் அந்தக் கணக்குகளில்தான் டிக்கெட் போட முடியும். தட்கல் ஏசி வகுப்புக்கு முந்தின நாள் காலை 10 மணிக்குத் திறக்கும். பூம்பாறை, மன்னவனூர் போல மேல்மலை ஊர்களில் இருக்கிறவர்கள், சிக்னல் விட்டு விட்டு வருகிற இடத்தில் உட்கார்ந்து ஓடிபி-க்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கு மட்டும் டவுனுக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் கீழே இருக்கிற பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள்.

சேர் கார், எக்சிகியூட்டிவ் என்று இரண்டு வகுப்புதான். ஐந்து மணி நேரத்துக்கு சேர் கார் தாராளம், எக்சிகியூட்டிவ்வுக்குக் கூடுதல் பணம் தேவையில்லை என்பது என் கருத்து. சாப்பாடு வேண்டாம் என்றால் டிக்கெட் போடும்போதே அதைத் தேர்ந்தெடுத்தால் கட்டணம் குறையும். திண்டுக்கல்லிலிருந்து வெயிட்டிங் லிஸ்ட் காட்டினால் மதுரையிலிருந்து தேடிப் பாருங்கள், இடம் இருந்தால் மதுரை டிக்கெட் போட்டு ஏறும் இடத்தைத் திண்டுக்கல் என்று மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் கொஞ்சம் கூடும். இந்த ரயிலில் ஆர்ஏசி (இருவர் ஓர் இடத்தைப் பகிர்ந்துகொள்வது) கிடையாது. ஆன்லைனில் போட்ட வெயிட்டிங் டிக்கெட் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். சார்ட் (யார் யாருக்கு இடம் என்கிற இறுதிப் பட்டியல்) இப்போதெல்லாம் பல மணி நேரம் முன்பே வந்துவிடுகிறது, மாலை ரயில் என்றால் மலையிறங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடும்.

திரும்பி வருவதற்கு எழும்பூரில் காலை 5 மணிக்குப் புறப்படுகிற 20627. பத்து மணிக்குள் திண்டுக்கல், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் வீடு. மதியம் சென்னையில் கிளம்புகிற 20665-இல் வந்தால் திண்டுக்கல்லில் இறங்கும்போதே இரவு எட்டு ஆகிவிடும், அதற்கு மேல் மலையேறுவது வேண்டாம், குழந்தைகளோ பெரியவர்களோ கூட இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். வாடகைக் கார் பிடிப்பதானால் டிரைவரிடம் இ-பாஸ் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் கொடைக்கானலுக்கு வர அந்த அனுமதிச் சீட்டு வேண்டும். அரசு பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மாலை ரயில் எழும்பூர் போய்ச் சேர இரவு 11 ஆகும். குரோம்பேட்டை, வேளச்சேரி பக்கம் போகிறவர்கள் தாம்பரத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள். திண்டுக்கல்லில் ரயில் இரண்டு நிமிடம்தான் நிற்கும், கதவு தானாக மூடிக்கொள்ளும், அதனால் பெட்டி எண்ணைப் பார்த்து முன்பே அந்த இடத்தில் போய் நில்லுங்கள். வழியனுப்ப வந்தவர்கள் பையை வைத்துத் தர உள்ளே ஏற வேண்டாம், கதவு மூடினால் அடுத்து திருச்சியில்தான் திறக்கும்.