கிளிப் போட்ட முதல் வாரம்: நகவெட்டியைக் கீழே வையுங்கள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பல்லுக்குக் கிளிப் போடும் பருவம் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கோவையில் என் கிளினிக் வாசல் பெஞ்சில் பள்ளிப் பிள்ளைகளும் அம்மாக்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த வாரமே அவர்களில் பலர் ஒரே மாதிரிச் சிக்கலோடு திரும்பி வருவார்கள். கல்லூரி நாட்களில் நானும் கிளிப் போட்டிருந்தவள் என்பதால் ஒவ்வொன்றும் எனக்குப் பழகிய கூத்துதான். சீடை கடிக்காதே, கமர்கட்டு தின்னாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை எழுதப்போவதில்லை. கீழே வரும் ஒவ்வொரு தலைப்பும் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறு.

முதல் நாளே நிம்மதியடைவது

கிளிப் ஒட்டும்போது வலிக்காது. 'இவ்வளவுதானா' என்று வீட்டுக்குப் போவார்கள். சில மணி நேரத்தில் பல் கூச ஆரம்பிக்கும். மறுநாள்தான் வலி உச்சத்துக்குப் போகும். இட்லியைக் கடிக்கக்கூட முடியாமல், ஏதோ தவறாகிவிட்டது என்று பதறி அழைப்பார்கள். ஒன்றும் தவறாகவில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்த்திசு இருக்கிறது. கம்பி தள்ளும்போது அது ஒரு பக்கம் நசுங்கி, அங்கே அழற்சி உண்டாகி, எலும்பு கரைகிறது. மறுபக்கம் புது எலும்பு வளர்கிறது. பல் நகர்வதே இப்படித்தான். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் வலி அடங்கிவிடும்.

மாத்திரை போடுவதாக இருந்தால், வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திராமல் முதல் இரவே போடுங்கள். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். இபுபுரூஃபன் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. பல் நகர்வதற்கும் அதே பொருள் தேவைப்படுகிறது. ஒரு வேளை போட்டதால் குடி முழுகிவிடாது. நாள் தவறாமல் விழுங்குவதுதான் வேண்டாம்.

வலிக்கும்போது சுடச்சுடக் காப்பி

தொடக்கத்தில் போடும் நிக்கல்-டைட்டானியம் கம்பிகளில் பல, வெப்பத்தில் விறைப்பவை. குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தால் கம்பி தற்காலிகமாகத் தளரும். ஐஸ்கட்டியைக் கடிக்கச் சொல்லவில்லை.

ஈரத்தின் மேல் மெழுகு

கம்பி குத்தும் இடத்தை மூட நாங்கள் கொடுக்கும் மெழுகு ஈரத்தில் ஒட்டாது. பஞ்சால் துடைத்துவிட்டு வையுங்கள்.

குத்தும் கம்பியை வீட்டிலேயே வெட்டுவது

எத்தனை ஆண்டுகள் ஆனாலும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

பட்டறை வைத்திருக்கும் ஒரு அப்பா. மகனுக்கு இடது கடைவாய்ப் பக்கம் கம்பி நுனி கன்னத்தைக் குத்தியிருக்கிறது. சனிக்கிழமை இரவு. எனக்கு அழைக்கவில்லை, அவரிடம் நல்ல கட்டர் இருந்தது. வெட்டினார். கம்பி தேவைக்கு அதிகமாகக் குட்டையாகிவிட்டது. மறுநாள் பையன் சாப்பிடும்போது அது கடைசிப் பல்லில் ஒட்டியிருக்கும் சின்னக் குழாயிலிருந்து நழுவி, மொத்தக் கம்பியும் வலது பக்கமாக இழுத்துக்கொண்டது. இப்போது வலது கன்னத்தில் குத்தியது. அதையும் வெட்டினார். இரண்டு கடைவாய்ப் பற்களும் பிடியிலிருந்து விடுபட்டுவிட்டன. குறித்த தேதிக்குத்தான் வந்தார்கள். ஒரு மாதம் போனதுதான் மிச்சம். இரண்டு கன்னங்களிலும் புண். புதுக் கம்பி போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். "அரை சென்டிமீட்டர் கம்பிதானே டாக்டர்?" என்று கேட்டார். அன்று சிரித்து வைத்தேன். பதிலை இங்கே சொல்கிறேன்.

கம்பி நீள்வதில்லை. கோணலான பற்களின் வழியே அது வளைந்து வளைந்து போகிறது. பற்கள் வரிசைக்கு வர வர அந்தப் பாதை குறுகும்; மீதியாகும் கம்பி கடைசிப் பல்லின் பின்னால் எட்டிப் பார்க்கும். அதாவது குத்துகிறது என்றால் பெரும்பாலும் சிகிச்சை வேலை செய்கிறது என்று பொருள். எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது அடுத்து எவ்வளவு நகர வேண்டும் என்பதைப் பார்த்து முடிவு செய்யும் விஷயம். நாங்கள் பயன்படுத்தும் கட்டர் வெட்டிய துண்டைத் தன் வாயிலேயே பிடித்துக்கொள்ளும். பட்டறைக் கட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. துண்டு தெறித்துத் தொண்டைக்குள்ளோ மூச்சுக்குழாய்க்குள்ளோ போகலாம்.

2020 ஊரடங்கில் பிரிட்டனில் பல் சீரமைப்பு மருத்துவர்களே நகவெட்டியால் நறுக்க வழி சொல்லிக்கொடுத்தார்களே என்று ஒருவர் வாதாடினார். உண்மைதான். அன்று கிளினிக்குகள் மூடிக் கிடந்தன. எங்கள் கிளினிக் திறந்திருக்கிறது.

கம்பி குத்தினால் வாயைக் கொப்பளித்துவிட்டு, கண்ணாடி முன் நின்று, பென்சிலின் சுத்தமான ரப்பர் முனையாலோ பஞ்சுக் குச்சியாலோ அந்த நுனியைப் பல்லோடு மெல்ல ஒதுக்கிப் பாருங்கள். மெல்லிய கம்பி பல நேரம் மடங்கிக் கொடுக்கும். மடங்கவில்லையென்றால் துடைத்து மெழுகு வையுங்கள். மறுநாள் அழைத்துவிட்டு வாருங்கள். வெட்டிவிட ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதற்கு நான் பணம் வாங்குவதும் இல்லை.

பிராக்கெட் கழன்றதை மறைப்பது

பிராக்கெட் என்பது கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு. கழன்றால் திட்டமாட்டேன். சொல்லுங்கள்.

மாதக்கணக்கில் கஞ்சி

முதல் இரண்டு மூன்று நாளுக்குக் குழைந்த பருப்புச் சாதமும் இடியாப்பமும் சரி. வலி குறைந்ததும் மென்று சாப்பிடத் தொடங்க வேண்டும். மெலிந்து வரும் பிள்ளைகளைப் பார்த்தால் அம்மாக்கள் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

நிறமில்லாத ரப்பர் வளையம் கேட்பது

வீட்டில் சாம்பார் உண்டா? அப்படியானால் வேண்டாம். கம்பியைப் பிராக்கெட்டோடு கட்டும் அந்த வளையம் ஒரு வாரத்தில் மஞ்சளாகிவிடும். சாம்பல் நிறம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லா வலியையும் பொறுத்துக்கொள்வது

கடிக்கும்போது வலிப்பது இயல்பு. ஒரே பல் மட்டும் சும்மா இருக்கும்போதும் தெறித்தால், ஈறோ முகமோ வீங்கினால், காய்ச்சல் வந்தால் அன்றே வாருங்கள். கழன்ற துண்டை விழுங்கிய பின் இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் எனக்கு அழைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.